நான் நடக்காத ஒரு மைல்

கனடாவில் ஒரு பனிப்புயலில் ஒரு மைல் தூரம் நடந்து போய் என் மனைவியைக் காப்பாற்றியதாக நாற்பத்தைந்து வருஷங்களாக மெல்போர்னில் சொல்லிவந்திருக்கிறேன். நடந்தது அவள். காரில் உட்கார்ந்திருந்தது நான். இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். சுற்றிவளைத்துப் பேசும் திறமை எனக்கு உண்டு. இடம் கொடுத்தால் மறுபடியும் ஆரம்பித்துவிடுவேன்.

கதையை நான் சொந்தமாகக் கட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குக்கூட எனக்குச் சரக்கு இல்லை. அறுபதுகளில் சென்னையில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தபோது மவுண்ட் ரோடு தியேட்டர்களில் காலைக் காட்சியாகப் பழைய ஹாலிவுட் சாகசப் படங்கள் போடுவார்கள். அதில் ஒரு வகை, கனடாவின் எல்லைப்புறக் காடுகளில் நடப்பது. ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

அந்தப் படங்களின்படி கனடாவில் மொத்தம் ஐந்து பேர். சிவப்புக் கோட்டுப் போலீஸ்காரன் ஒருவன். தனியாகக் குதிரையில் கிளம்புவான், ஒரே பிற்பகலில் மூன்று மலைத்தொடர்களைத் தாண்டுவான், கோட்டில் ஒரு கறை இருக்காது. தோலுக்காக மிருகங்களைப் பொறிவைத்துப் பிடிக்கும் பிரெஞ்சுக்காரன் ஒருவன். தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சிரிப்பான், கடைசி ரீலுக்கு முன்னால் செத்துப்போவான். முகத்துக்குச் சாயம் பூசிய வெள்ளைக்காரர் ஒருவர் பழங்குடி வழிகாட்டியாக வந்து வினைச்சொல்லே இல்லாமல் பேசுவார். ஒரு வில்லன். ஒரு கதாநாயகி, மரவீட்டின் ஜன்னலில் விளக்கை வைத்துவிட்டு, சுருள் கலையாமல் காத்திருப்பாள். பனி எப்போதும் பெய்யும், யார் தோளிலும் கரையாது. அது உப்பும் ஜிப்சம் பொடியும் என்று பிற்காலத்தில் படித்தேன். ஓநாய்கள் மட்டும் வேளை தவறாமல் ஊளையிடும்.

எழுபதுகளில் சஸ்காச்சுவானில் ஒரு சிறிய ஊருக்கு எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. கல்யாணமாகி எட்டு மாதம். இறங்கிப் பார்த்தால் மலை இல்லை. மரம்கூட எண்ணி எடுக்கலாம். தோசைக்கல் மாதிரித் தட்டையான கோதுமை நிலம், அதன் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பள்ளிக்கூடம். குளிர்காலத்தில் கார்களின் மூக்கிலிருந்து மின்சார ஒயர் தொங்கும். எஞ்சின் உறையாமலிருக்க எல்லோரும் ராத்திரி காரைச் சுவரில் செருகி வைப்பார்கள். இதை எந்தப் படத்திலும் காட்டவில்லை. நான் சந்தித்த ஒரே போலீஸ்காரர் பழுப்பு நிற ஜாக்கெட்டில் வந்து, காரைத் தப்பாக நிறுத்தியதற்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறுபது மைல் தள்ளியிருந்த ஒரு தெலுங்குக் குடும்பத்தின் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நாலு மணி இருக்கும். காற்று கிளம்பி, பனி தரையிலிருந்தே எழுந்து வந்தது. கார் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. எஞ்சின் ஓடியது, ஹீட்டரும் ஓடியது. பெட்ரோல் முள் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. தூரத்தில் ஒரு வெளிச்சம் மட்டும் வருவதும் மறைவதுமாக இருந்தது.

"யாராவது போய்ச் சொல்லணும்," என்றாள் என் மனைவி.

"ஓநாய் இருக்கும்," என்றேன்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. வெளியே ஏதோ ஊளையிட்டது. காற்றாக இருக்கலாம், நரியாக இருக்கலாம். என் கண்முன் காலைக் காட்சியின் அத்தனை ஓநாய்களும் வரிசையாக நின்றன. அவள் அந்தப் படங்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே ஒரு விளக்கு எரிகிறது என்பதுதான். சேலைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, மழைக்குப் போடும் ரப்பர் பூட்ஸோடு இறங்கிப் போனாள். நான் கதவை உள்ளிருந்து பூட்டினேன்.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு விவசாயி டிராக்டரில் வந்து காரை இழுத்தார். கூடவே அவளும் இருந்தாள். ஆறு வாரம் கழித்து அவளுடைய இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

புயலில் காரை விட்டு இறங்கக் கூடாது என்பதுதான் அந்த ஊரில் எல்லோரும் சொல்லும் அறிவுரை. இதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். வெகுகாலம் அதைப் பிடித்துத் தொங்கினேன். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

மெல்போர்னுக்கு வந்த புதிதில் ஒரு கிரகப்பிரவேச விருந்தில் முதல்முறை கதை மாறியது. யாரோ, "கனடால ரொம்பக் குளிராமே சார்?" என்று கேட்டார். நான் நடந்தேன் என்றேன். அவ்வளவுதான், வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் வடைத் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். இப்போது சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். "சட்னி எடுத்துட்டு வர்றேன்," என்று உள்ளே போனாள். அதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் கதை வளர்ந்தது. ஒரு மைல் மூன்று மைலாயிற்று. ஓயாமல் பேசிய உக்ரேனிய வம்சத்து விவசாயி, வாய் திறக்காத பழங்குடி வேட்டைக்காரராக மாறினார். நிலத்தில் ஒரு மலையும் முளைத்தது. அந்தப் பழங்குடி மக்களோடு கனடாவில் இருந்த மூன்று வருஷத்தில் நான் பத்து வார்த்தை பேசியிருப்பேனா என்பது சந்தேகம். ஆனால் என் உயிரைக் காப்பாற்ற ஒருவரை அழைத்துக்கொள்ளத் தயங்கவில்லை. இதையெல்லாம்விடக் கேவலமான ஒன்று உண்டு. கேட்பவர்கள் அவளுடைய காலைப் பார்ப்பார்கள் இல்லையா, அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. "காலை அசைச்சுக்கிட்டே இருன்னு சொல்லிட்டுப் போனேன். கேக்கல," என்பேன். எத்தனையோ பேர் அவளிடம், "சார் சொன்னதைக் கேட்டிருக்கலாமேம்மா," என்று என் முன்னாலேயே சொல்லியிருக்கிறார்கள். எங்கள் மகள்கூடச் சொல்லியிருக்கிறாள்.

மெல்போர்னில், மல்கிரேவ் பகுதியில் புதன்கிழமைதோறும் எங்களைப் போன்ற கிழங்கள் கூடும் ஒரு மண்டபம் இருக்கிறது. இந்தியாக்காரர்களும் யாழ்ப்பாணத்துக்காரர்களும் பாதிப் பாதி. இந்த ஜூலையில் ஒரு புதன்கிழமை, கூட்டத்தை நடத்துபவர் என் கனடாப் புகழை உத்தேசித்து ஒரு பழைய படத்தைத் திரையில் போட்டார். நான் சொன்ன வகைதான். படம் முடிந்ததும் நான் பத்து நிமிஷம் பேசுவதாக ஏற்பாடு.

என் கதை முழுக்கத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. வசனம்கூட. கதாநாயகியைச் சறுக்குவண்டியில் உட்காரவைத்து, "காலை அசைத்துக்கொண்டே இரு" என்று கதாநாயகன் சொல்லிவிட்டுப் போனான். அதைக்கூட அங்கிருந்துதான் எடுத்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

"மாஸ்டர், உங்கட கதையைக் களவெடுத்துப் போட்டாங்கள்!" என்றார் பின்னாலிருந்த யாழ்ப்பாண நண்பர். எல்லோரும் சிரித்தார்கள்.

"அக்கா, அந்தா நீங்கள்!" என்றாள் அவர் மனைவி, வண்டியில் விம்மும் கதாநாயகியைக் காட்டி.

என் மனைவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். பிறகு, யாரிடமும் இல்லாமல், "இவங்களுக்கு வாயில புகையே வரலையே," என்றாள்.

"என்ன புகை அக்கா?"

"மூச்சு. அந்தக் குளிர்ல பேசினா வாயில புகை வரும். மூக்குக்குள்ள முடியெல்லாம் விறைச்சு ஊசி மாதிரிக் குத்தும். இவங்க என்னமோ பீச்சுல நிக்கிற மாதிரில்ல நிக்கிறாங்க."

நாற்பத்தைந்து வருஷமாக அந்தக் குளிரைப் பற்றிப் பேசிவந்தவன் நான். மூக்கு முடியைப் பற்றி எனக்குத் தெரியாது.

விளக்கைப் போட்டார்கள். என்னை அழைத்தார்கள். எழுந்து நின்று, "நான் நடக்கல. நடந்தது இவ. நான் கார்ல உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷமாப் பொய் சொல்லியிருக்கேன்," என்றேன்.

கைதட்டினார்கள்.

"பாத்தீங்களா, இந்த வயசுலயும் சார் எப்படி வீட்டம்மாவுக்கு விட்டுக்கொடுக்கிறார்!" என்றார் நடத்துபவர். நான் மறுத்தேன். மறுக்க மறுக்கக் கைதட்டல் கூடியது. பொய் சொன்னபோது இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. யாழ்ப்பாண நண்பர் தன் மனைவியைப் பார்த்து, "இப்பிடி ஒருநாள் நானும் சொல்லட்டோ?" என்று கேட்டார். "நீங்கள் முதல் நடவுங்கோ, பிறகு பார்ப்பம்," என்றாள் அவள்.

அப்போது என் மனைவி, "அவர் சொல்றது நிஜம்தான்," என்றாள்.

உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் கைகள் நின்றுவிட்டன. என்னை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதற்கு எல்லோரும் பாடுபட்டார்கள். யாழ்ப்பாணத்து அம்மாள் மட்டும் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள்.

"பயமா இருக்கேல்லையோ அக்கா?"

"பயப்பட நேரமில்ல. வேலிக் கம்பத்தைப் பிடிச்சுப் பிடிச்சுப் போனேன். ஒரு கம்பத்துலேருந்து பாத்தா அடுத்தது தெரியும். தெரியலன்னா காத்து குறையற வரைக்கும் நிப்பேன். ரெண்டு தடவை விழுந்தேன். ரெண்டாவது தடவை விழுந்தப்ப, அப்படியே படுத்துக்கலாமான்னு இருந்துச்சு. சுகமா இருந்துச்சு."

"பிறகு?"

"சேலை ஓரம் விறைச்சுப் போய்த் தகரம் மாதிரிக் காலை அறுத்துச்சு. அந்த எரிச்சல்ல எழுந்துட்டேன்."

நானும் மற்றவர்களோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நடையைப் பற்றி நான் நூறு தடவை பேசியிருப்பேன். கேட்பது இதுதான் முதல் தடவை.

"விளக்கு தெரிஞ்ச அந்த வீட்டம்மா நல்ல மாதிரி," என்று தொடர்ந்தாள். "பூட்ஸக் கழட்டி, வெதுவெதுன்னு தண்ணில காலை வெச்சா. அரை மணியில உயிர் வந்துடுச்சு. விரலெல்லாம் சிவந்து, வலிச்சு, அசைஞ்சுச்சு."

"அப்ப விரல் எப்பிடிப் போனது?"

"திரும்பிப் போனேன்ல, அதுல. டிராக்டர்ல மூடி கிடையாது. ஈர பூட்ஸ்."

"என்னத்துக்கு அக்கா திரும்பிப் போனனீங்கள்? இடத்தைச் சொல்லிவிட்டா அந்த மனிசன் போகும்தானே?"

"சொன்னேன். அவன் வாயே மூடாமப் பேசினான், எனக்கு ஒண்ணும் புரியல. நான் பேசினது அவனுக்குப் புரியல. காருன்னு கையைக் காட்டிச் சொல்லிட்டேன். ஆனா வழியில நாலு ரோடு பிரியுது, எந்த ரோடுன்னு எப்படிச் சொல்றது? இவர் அங்க இருக்காரே. ஏறி உட்கார்ந்துட்டேன்."

அந்த ஊர்ப் பள்ளியில், நான் வேலை பார்த்த அதே கட்டடத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த பெண்களுக்கு மாலையில் ஆங்கில வகுப்பு நடந்தது. அவள் போகட்டுமா என்று கேட்டிருந்தாள். "நான் இருக்கும்போது உனக்கு எதுக்கு இங்கிலீஷ்?" என்று சொன்னேன். நான் எம்.ஏ. ஆங்கிலம். அவள் அந்த வகுப்பில் தட்டுத்தடுமாறிப் பேசுவதை என் சக ஆசிரியர்கள் கேட்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. அதுதான் உண்மைக் காரணம்.

இன்னொன்றும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் கேட்டார்: நடுவில் எப்போதாவது கால் சூடேறி, மறுபடி உறைந்ததா? அப்படி நடந்தால் சேதம் அதிகம் என்றார். நான்தான் மொழிபெயர்ப்பாளன். அவளைக் கேட்காமலேயே "இல்லை" என்று சொன்னேன். எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

வீட்டுக்குக் காரோட்டி வந்தபோது அவளிடம் கேட்டேன்: "திரும்பி வரும்போதுதான் விரல் போச்சுன்னு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே. அப்புறம் நீங்களே சொல்ல ஆரம்பிச்சுட்டீங்க," என்றாள். கோபமாக இல்லை. சிக்னல் பச்சையாகிவிட்டது என்று கையைக் காட்டினாள்.

வீட்டில் நுழைந்ததும் போனை எடுத்து என்னிடம் கொடுத்தாள். "மத்தவங்க கெடக்கறாங்க. பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

மகள் சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் இருக்கிறாள். அவள் ரயிலில் இருந்தாள். நான் சொன்னேன், எதையும் விடாமல்: பூட்டிய கதவு, ஆங்கில வகுப்பு, டாக்டர். ஸ்டேஷன் பெயரை அறிவிக்கும் குரல் மட்டும் கேட்டது.

"அப்பா, சின்ன வயசுல நான் அம்மா காலைப் பார்த்து அழுதப்ப, 'சொன்ன பேச்சைக் கேக்கலன்னா இப்படித்தான் ஆகும்'னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

இல்லை. எனக்கு ஞாபகம் இல்லை. அப்படியே சொன்னேன்.

"அம்மாகிட்ட குடுங்க."

கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன். வேலிக் கம்பங்களுக்கு இடையில் இன்னும் என்னென்னவோ இருக்கும். எனக்குக் கேட்க வேண்டும் போலிருந்தது. "ஸ்பீக்கர்ல போடேன்," என்றேன்.

"ஒரு தடவை கேட்டாச்சுல்ல," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.