பனியில் ஓர் அரைச்சுற்று

ஜூலை மாதத்தில் காலை பத்து மணிக்கே ஷார்ஜாவில் தார்ச்சாலை இளகத் தொடங்கிவிடும். அந்த வெயிலில் கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணியும் கையில் தடித்த கையுறையுமாக ஒருத்தி லிஃப்டில் நின்றால் யாருக்கும் கேட்கத் தோன்றும். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் மலையாளிப் பெண் ஜமீலா கேட்டாள்: "எந்தா இத்தா, பனியாணோ?"

"ஆமாம்மா, பனிதான்" என்றேன் சந்தோஷமாக.

அவள் சட்டென்று ஷாலால் மூக்கைப் பொத்திக்கொண்டு மூலைக்கு ஒதுங்கினாள். அன்று சாயங்காலம் மூடி போட்ட பாத்திரத்தில் சூடான கஞ்சியோடு வந்து அவள் கதவைத் தட்டியபோதுதான், மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்பது எனக்கு உறைத்தது. எனக்குக் காய்ச்சல் இல்லை, துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கும் பனித்தளத்தில் சறுக்கப் போகிறேன் என்று விளக்கினேன். இதற்குக் காய்ச்சலே தேவலை என்பதுபோல என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கஞ்சி நன்றாக இருந்தது.

என் ஊர் கீழக்கரை. கல்யாணமாகி இங்கே வந்தவள். என் கணவர் துபாயின் தேரா கடைவீதியில் பயணப்பெட்டி மொத்த வியாபாரம் செய்கிறார். சறுக்க வேண்டும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. மகள் நஸ்ரின்தான் ஆசைப்பட்டுச் சேர்ந்தாள். இரண்டாவது பயிற்சி வகுப்பிலேயே தளத்தின் நடுவில் விழுந்து, "உம்மா, ஐ வான்ட் டு கோ ஹோம்!" என்று அழுதாள். அவளைத் தூக்கி வர வாடகைக் காலணியை மாட்டிக்கொண்டு நான் இறங்கினேன். சுவரைப் பிடித்தபடி போனேன், சுவரை விட்டேன், விழுந்தேன். எழுந்து இன்னும் நாலடி போனேன். மகளிடம் போய்ச் சேர்ந்தபோது அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் அவள் வரமாட்டேன் என்றாள். நான் போனேன். எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதானால் "ஓடாதே, மெல்ல நட" என்பார்கள். நானும் மெல்லத்தான் நடந்து வந்திருக்கிறேன். என் உடம்புக்கு வேகம் பிடிக்கும் என்பது நாற்பதைத் தொட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பயிற்சியாளர் இரினா பெலாரஸ்காரி. அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் பாதி வழியில் எங்காவது சந்தித்துக்கொள்ளும். முதல் மாதம் ஒருநாள், நான் ஒற்றைக்காலில் வளைந்து போகும்போது தளத்தின் மறுகோடியிலிருந்து அவள் கத்தினாள்: "எட்ஜ்! எட்ஜ்!"

எனக்கு 'ஏஜ்' என்று கேட்டது. இத்தனை பேர் முன்னால் வயதைக் கேட்கிறாளே என்று ரோஷம் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது? நானும் சத்தமாகச் சொன்னேன்: "ஃபார்ட்டி ஒன்!"

தளமே திரும்பிப் பார்த்தது. இரினா சிரித்துச் சிரித்துத் தடுப்பில் சாய்ந்துவிட்டாள். பிறகு என் காலணியைத் தூக்கிப் பிடித்து, அடியில் இருக்கும் இரும்புத் தகட்டுக்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு உண்டென்று விரலால் தொட்டுக் காட்டினாள். தட்டையாக நின்றால் நேராகத்தான் போகலாம். ஏதாவது ஒரு விளிம்பில் துணிந்து சாய்ந்தால்தான் வளையலாம். "யுவர் எட்ஜ் அஃப்ரெய்ட். யுவர் ஏஜ், நோ ப்ராப்ளம்" என்றாள்.

அதற்குப் பிறகு முன்னேற்றம் வந்தது, வீட்டில் புளி கரைவதுபோல மெதுவாக. பின்னோக்கிச் சறுக்கினேன். காலுக்குமேல் கால் வைத்து வட்டமடித்தேன். அரைச்சுற்றுத் தாவலில்தான் மாதக்கணக்கில் சிக்கிக்கொண்டேன். முன்னோக்கி வந்து இடக்காலில் எழும்ப வேண்டும். காற்றில் பாதி சுற்றித் திரும்பி, வலக்காலில் இறங்கிப் பின்னோக்கி வழுக்கிப் போக வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகள் பேசிக்கொண்டே அதைச் செய்வார்கள். எனக்கோ ஒவ்வொரு தடவையும் இடக்காலும் கூடவே வந்து ஊன்றிவிடும்.

அந்த நேரத்தில்தான் ஒரு நாள் சாப்பிடும்போது கணவர் சொன்னார். "தம்பிகிட்ட கடைய ஒப்படைச்சிட்டு ஊரோட போயிரலாம்னு இருக்கேன் புள்ள. ஊர்ல கட்டுற வீடும் முடியப் போவுது. இங்க இனி கலாஸ், முடிஞ்சுது."

"எப்ப?"

"அடுத்த வருசம் நஸ்ரின் பரீச்ச முடிஞ்சதும்."

நான் மறு சோறு வைத்தேன். நல்ல முடிவுதான். ஊரில் என் உம்மாவுக்கு வயதாகிறது. ஆனால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. கீழக்கரையில் பனி என்றால் மீனுக்குப் போடும் கட்டிதான்.

மறுவாரம் இரினாவிடம், பெரியவர்களுக்குத் தளத்தில் நடத்தும் முதல்நிலைத் தேர்வுக்கு என் பெயரைக் கொடுக்கச் சொன்னேன். அதில் இந்தத் தாவல் உண்டு.

"நெக்ஸ்ட் இயர்" என்றாள்.

"நெக்ஸ்ட் இயர் மாஃபி, இரினா. திஸ் இயர்" என்றேன், 'இல்லை' என்பதை அரபியில் போட்டு.

 அவள் தன் பையிலிருந்து இடுப்புக்குக் கட்டும் பஞ்சுத் திண்டை எடுத்து என்னிடம் வீசினாள். அதைக் கட்டிக்கொண்டு நான் விழுந்த விழுகைகளைச் சொல்லி முடியாது. அந்தத் தைரியத்தில் இடக்கால் மெல்ல மெல்லக் கூட வருவதை நிறுத்தியது.

தேர்வு நாளன்று கணவர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தார். நான் சறுக்குவதை அவர் அதுவரை பார்த்ததில்லை. சொல்லியும் கேட்காமல் அரைக்கைச் சட்டையில் வந்து தடுப்பருகே நடுங்கிக்கொண்டு நின்றார். தலைத்துணியை இறுக்கிக் குத்தி, நீளச் சட்டையும் காற்சட்டையுமாக இறங்கினேன். பின்னோக்கிச் சறுக்கல் சரியாக வந்தது. வட்டங்கள் சரியாக வந்தன. தாவலில் பலமாக எழும்பிவிட்டேன். இறங்கிய கால் வழுக்க, பொத்தென்று விழுந்தேன்.

அமைதியான அந்தக் கூடத்தில் ஒரு குரல் கேட்டது: "எந்திரி புள்ள!"

எழுந்தேன். தவறிய ஒன்றை மறுபடி செய்து காட்ட ஒரு வாய்ப்புத் தருவார்கள். நடுவர் தலையசைத்தார். சட்டையில் ஒட்டிய பனித்தூளைத் தட்டிக்கொண்டு தளத்தை ஒரு சுற்று வந்தேன். ஆச்சரியமாக, எனக்குப் பயமே இல்லை. விளிம்பில் சாய்ந்தேன், எழும்பினேன். உலகம் பாதி திரும்பியது. வலக்கால் தரையைத் தொட்டது, இடக்கால் பின்னால் நீண்டது, நான் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தேன். தேறிவிட்டேன் என்பதை நடுவர் சொல்வதற்கு முன்பே இரினாவின் விசில் சொன்னது.

வண்டியில் வரும்போது கணவர் கேட்டார், "இத வுட்டுட்டு எப்புடி வருவே?"

"வருவேன் மச்சான். ஆனா ஊரு வீட்டு மாடி ரூம்ல கட்டில், பீரோ ஒண்ணும் போடக்கூடாது. அது எனக்கு."

அவர் காரணம் கேட்கவில்லை. அன்றைக்கே ஊரில் வீடு கட்டும் கொத்தனாருக்கு ஃபோன் போட்டு, மாடி அறையை அப்படியே விடச் சொன்னார்.

அடுத்து வந்த விடுமுறையில் வீட்டைப் பார்க்க ஊருக்குப் போனோம். மாடி அறை வெறுமையாக, வெள்ளை டைல்ஸோடு இருந்தது. கீழே உறவுக்காரர்கள், மாடியில் யாரைக் குடிவைக்கப் போகிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்தினேன். சாதாரண ஷூவை மாட்டிக்கொண்டு மூலையிலிருந்து வந்து தாவினேன்.

சரியாகத்தான் இறங்கினேன். வலது முழங்கால் மடங்கியிருந்தது, கைகள் விரிந்திருந்தன, இடக்கால் பின்னால் நீண்டிருந்தது. உடம்பு முழுவதும் பின்னோக்கி வழுக்கிப் போகக் காத்திருந்தது. தரை என்னை விடவில்லை. அந்த ஒற்றைக்காலில், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றுகொண்டே இருந்தேன்.