ரெங்கம்மா வண்டிக்கு எந்த ஆயில்?

கிட்ட வந்து உட்காருங்க. பைபாஸ்ல லாரி போனா நான் பேசுறது உங்களுக்குக் கேட்காது. காருக்கு ஆயில் மாத்துறது என் தொழில். இதுல பழைய ஆயில் சொட்டி முடியிற வரைக்கும்தான் ஒரு மனுஷன் நம்மகூட உட்கார்ந்திருப்பான். புதுசை ஊத்தி மூடியைத் திருகினதும் கிளம்பிருவான். கடை போட்டு ரோட்டையே பார்த்துக்கிட்டிருக்கிற உங்களுக்கு இது தெரியாததா?

வீட்டுலயும் எனக்குப் பேச ஆள் கிடையாது. அதனால வந்தவங்க பேசினது அப்படியே காதுல நிக்கும். அதிலயும் ரெங்கம்மா பேசினது. எப்போதும்வென்றான்ங்கிற ஊர்ல தனியா இருக்காங்க. அவங்ககிட்ட ஒரு பழைய டர்போ டீசல் கார், அவங்களே ஓட்டுவாங்க. அந்தக் கார் ஓடுற வரைக்கும்தான் அவங்களுக்கு ஊர். நின்னுபோச்சுன்னா கோயம்புத்தூர்ல இருக்கிற மகன் கையோட கூட்டிட்டுப் போயிருவான்.

கிணத்து இன்ஜின் ஆயில்

பசுவந்தனை ஊர்ல விவசாயம் பாக்கிற சம்சாரி ஒருத்தர் பழைய டர்போ காரோட வந்தார். டிக்கியைத் திறந்து ஒரு கேனை எடுத்து வச்சார். கிணத்து டீசல் இன்ஜினுக்கு வாங்கினதுல மிச்சமாம், இதையே ஊத்துங்கன்னார்.

"டர்போங்கிறது சைலன்சருக்குப் போற புகையோட வேகத்துல சுத்துற சக்கரம். அது தீயா சுடும். அந்தச் சூட்டுல அதைத் தாங்குறது ஆயில் மட்டும்தான். தப்பான ஆயில் கருகி, சின்னக் குழாய்ல அடைச்சிருச்சுன்னா சக்கரம் காலி. டப்பாவுல டர்போ டீசலுக்குன்னு போட்டிருக்கணும்"னு சொன்னேன். பொறுமையாக் கேட்டார். கேனை மறுபடியும் டிக்கியில வச்சுட்டு, என் ஸ்டூல்ல உட்கார்ந்தார்.

"கிணத்து இன்ஜின் கிடைச்சதக் குடிச்சிட்டு ஓடுது. இந்தக் கார்தான் அண்ணாச்சி, விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி ஒவ்வொண்ணாக் கேக்குது."

சொட்டு நின்ன பிறகு

ஆயிலைச் சூடா இருக்கும்போதே இறக்கணும், கடைசிச் சொட்டு வரைக்கும் விடணும். அப்போதான் அடியில கிடக்கிற கசடு வெளியே வரும். இது தொழில். ஆனா சொட்டு நின்ன பிறகும் நான் கொஞ்சநேரம் அடியில அடைக்கிற நட்டை மாட்டாம வச்சிருப்பேன். அது தொழில் இல்ல. ஆள் போயிருவாங்களேங்கிற நினைப்பு.

ஒருத்தரும் கண்டுபிடிச்சதில்ல. ரெங்கம்மா முதல் தடவை வந்தப்போ, காட்டுல உளுந்து பூத்தது, மானாவாரியில மழை ஏமாத்தினது, எல்லாம் பேசிக்கிட்டிருந்தவங்க, சட்டுன்னு குனிஞ்சு வண்டிக்கு அடியில பார்த்தாங்க. கிளம்பப்போறாங்கன்னு ஸ்பேனரை எடுத்தேன்.

"சொட்டு நின்னு ரொம்ப நேரமாச்சே அண்ணாச்சி. நட்டை மாட்டுங்க. நான் ஒண்ணும் எந்திரிச்சு ஓடிப் போகல, எனக்கும் வீட்டுல யாரு இருக்கா?"

போன்ல பார்த்த தம்பி

ஒரு தம்பி, மாமனார் கொடுத்த பழைய டர்போ காரோட வந்தான். புதுக் காருக்கெல்லாம் ஊத்துற மெல்லிசான ஆயில்தான் ஒசத்தின்னு யாரோ சொல்லிட்டாங்க. நான், "இதுக்குப் பதினஞ்சு-நாப்பதுன்னு டப்பாவுல போட்டிருக்கிற ஆயில் போதும் தம்பி. முதல் நம்பர் சிறுசா இருந்தா, வண்டியை எடுத்ததும் ஆயில் வேகமா மேல ஏறும். ரெண்டாவது நம்பர், சூடான பிறகு எவ்வளவு கெட்டியா நிக்குங்கிறது. தேஞ்ச இன்ஜின்ல ரொம்ப மெல்லிசா ஊத்தினா குடிச்சுத் தீர்த்துரும்"னேன். சந்தேகமாப் பார்த்தான். "காரோட வந்த புத்தகத்தையும் பாரு, அதுல போட்டிருக்கதுதான் கணக்கு"ன்னும் சொன்னேன்.

போனை எடுத்தவன் எடுத்தவன்தான். ஆயில் சொட்டி முடிஞ்சது, பில்டர் மாத்தியாச்சு, எதிர்ல நான் ஒருத்தன் இருக்கிறதே அவனுக்கு நினைப்பில்ல. காத்து அடிச்சு ஷெட்டுத் தகரம் கடகடன்னது, அதுதான் எனக்குப் பேச்சுத்துணை. கடைசியில காரோட புத்தகத்தையே போன்ல தேடிப் பிடிச்சு, ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் படிச்சிட்டுத் தலையை நிமிர்த்தினான்.

"நீங்க சொன்ன நம்பர்தான் இதுலயும் இருக்கு. உங்ககூட ரெண்டு வார்த்தை பேசிட்டு இருந்திருக்கலாம் போல."

கெட்டி ஆயில்

ரெங்கம்மா வண்டி நீலமாப் புகைய ஆரம்பிச்சுது. நிக்கும்போது ஒண்ணும் தெரியாது. வேகம் கொடுத்து இழுக்கும்போதுதான் பின்னால சேலை விரிச்ச மாதிரி வரும். டர்போ சக்கரத்தோட தண்டுல லேசா ஆட்டம், அந்த வழியா ஆயில் கசியுது. டர்போவோட விசில் சத்தத்திலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அளவைப் பார்த்துப் பார்த்து ஊத்தினா இன்னும் நல்லா ஓடும்.

அந்த நேரம் பார்த்து மகன் வாரான்னாங்க. காட்டு ரோட்டுல வண்டி நின்னா அம்மாவுக்கு யாரு துணைன்னு அவனுக்குப் பயம். புகையைப் பார்த்தான்னா வண்டியை வித்துட்டு, அவங்களைக் கூட்டிட்டுப் போயிருவான். ஊர்ல யாரோ, கெட்டியா இருபது-அம்பது ஊத்தினாப் புகை அடங்கும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க.

அடங்கும்தான். ஆனா காலையில வண்டியை எடுத்ததும், கெட்டி ஆயில் டர்போவுக்கு ஏறிப் போறதுக்குள்ள சக்கரம் காய்ஞ்சு சுத்தும். ஏற்கனவே ஆடுற தண்டு, நடுக்காட்டுல போச்சுன்னா? அந்தப் பிள்ளை எதுக்குப் பயப்படுதோ அதுவே நடந்துரும். இதையெல்லாம் அவங்ககிட்டச் சொன்னேன். ஆனா புகை நிக்கலேன்னா அந்த ஸ்டூல் காலி. இனி யாரு வந்து உளுந்தையும் மழையையும் என்கிட்டப் பேசப்போறாங்க? ரெண்டு டப்பாவையும் முன்னால வச்சுக்கிட்டு நின்னேன். ரெங்கம்மா என் கையையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

"ஏன் அண்ணாச்சி, கை அதுக்கும் இதுக்கும் அலையுது? வண்டிக்கு எது நல்லதோ அத ஊத்துங்க. எம் மகனை நான் பாத்துக்கிடுதேன்."

பதினஞ்சு-நாப்பதையே ஊத்தினேன்.

மகன் வந்த அன்னைக்கு

அம்மாவும் மகனும் நேரா என் ஷெட்டுக்கே வந்தாங்க. நல்ல பிள்ளை. வண்டியைச் சுத்திவந்து பார்த்தான். "அண்ணாச்சி, உள்ளதைச் சொல்லுங்க. வண்டி புகையுதுன்னு ஊர்ல சொல்லுதாவ. நிசமா?"

"புகையும் தம்பி. இழுக்கும்போது கொஞ்சம் புகையும். ஆயில் அளவைப் பார்த்துக்கிட்டா இன்னும் ஓடும்."

"நானே ஓட்டிப் பாக்கேன். ஜாஸ்தியாப் புகைஞ்சா இங்கனயே வித்துட்டு, அம்மாவைக் கூட்டிட்டுப் போயிருதேன்."

ரெங்கம்மா சாவியை அவன் கையில கொடுத்துட்டுப் பின்சீட்டுல ஏறினாங்க. அவன் உட்கார்ந்ததும் முன்னால எக்கி, நடுவுல இருக்கிற கண்ணாடியை அவன் முகத்துக்கு நேராத் திருப்பினாங்க.

"எதுக்கும்மா கண்ணாடியைத் திருப்புதீங்க? பின்னால எப்படிப் பாக்கிறது?"

"பின்னால என்ன கிடக்கு? உம் மொகத்தைப் பாத்து எத்தனை நாளாச்சுலே. நேராப் பாத்தா நீ போனை எடுத்துருவ. மெயின் ரோடு வேண்டாம், காட்டுப்பாதையில போ. நம்ம நிலத்தையும் எட்டிப் பாத்துட்டு வருவோம்."

வண்டி இழுத்ததும் நீலப்புகை எழும்புச்சு. கரிசல் பாதையில இறங்கினதும் புழுதி அதைவிட உசரமா எழும்பி, எல்லாத்தையும் மூடிருச்சு. பக்கத்துக் கண்ணாடியில அவன் பார்த்திருந்தாலும் புழுதிதான் தெரிஞ்சிருக்கும். ஒத்தையில நின்னு அது அடங்குற வரைக்கும் பார்த்துக்கிட்டிருந்தேன். வெயில் சாயுறதுக்குள்ள திரும்பி வந்தாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பையைத் தோள்ல மாட்டினவன், அம்மா கையைப் பிடிச்சு, இங்கன ஊர்லயே இருங்க, வண்டியும் இருக்கட்டும்னு சொன்னான். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

"புகைன்னு சொன்னீங்களே அண்ணாச்சி, ஒண்ணையும் காணோம். மொதல்ல போயி உங்க கண்ணை டாக்டர்கிட்டக் காட்டுங்க."

எந்த ஆயில் சரின்னு பார்க்குற வேலையை என்கிட்ட விட்டுட்டு மத்த எல்லாத்தையும் தானே பார்த்துக்கிட்ட ரெங்கம்மா, பஸ் மறையிற மட்டும் அங்கேயே நின்னுட்டு, வண்டியில ஏறி, மகன் முகம் தெரிஞ்ச அந்தக் கண்ணாடியை மறுபடியும் ரோட்டுப் பக்கம் திருப்பி வச்சாங்க.