ஸ்ரெலாவின் ஞாயிற்றுக்கிழமைக் கணினி

கொடிகாமம் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது ஸ்ரெலாவின் கணவர் அழைத்தார். "கௌரி மிஸ், அவ எங்களை விட்டிட்டுப் போட்டா," என்றார். புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து எதிர்பார்த்த அழைப்புத்தான். எதிர்பார்த்திருந்ததால் துக்கம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பல்கலைக்கழகக் கணினித்துறையில் ஸ்ரெலாவும் நானும் ஒரே அறையில் வேலை பார்த்தோம். கழித்துவிட்ட பழைய கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து, கடற்காற்றைக் கணித்து, பலத்த காற்று வருமென்றால் குருநகர் மீனவர்களின் தொலைபேசிகளுக்கு எச்சரிக்கை அனுப்பிவந்தோம். ஓயாத மின்வெட்டுக் காலம் அது. கூரையிலிருந்த சூரியத் தகடுகளும் சில பற்றரிகளுமே கதி. எல்லாக் கணினிகளுக்கும் வேலையைச் சமமாகப் பகிர வேண்டும் என்பது என் கட்சி. "சும்மா நிக்கிற மெசினும் கரண்ட் குடிக்கும், கௌரி. வேலையை இரண்டு மூண்டில ஏத்திப்போட்டு மற்றதுகளைப் படுக்கவிடும்," என்றார் ஸ்ரெலா. மாணவர்களின் வேலைகளை வெயில் ஏறும்வரை காக்கவைத்தார். காற்றுக் கணிப்பை மட்டும் வள்ளங்கள் இறங்குமுன் முடித்துவிடுவார். மாணவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் பற்றரி தாக்குப்பிடித்தது.

அடுத்த யோசனை குருநகரில் பிறந்தவருக்குத்தான் வரும். "ஞாயிற்றுக்கிழமையில எங்கடை ஆக்கள் பூசைக்குத்தான் போவினம், கடல்தொழிலுக்குப் போகமாட்டினம். பிறகு ஆருக்கு இந்தக் காத்து?" என்று கேட்டார். எங்களுக்கு இது தோன்றாமல் போனதே என்று சிரித்தோம். அன்றிலிருந்து சனி மாலையே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோம்.

பிறகு வள்ள எஞ்சின்களுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது. ஒருமுறை சனிக்கிழமை பின்னேரம்தான் எண்ணெய் கொடுத்தார்கள். நாட்கணக்காகத் தொழில் இல்லாமல் உலை வைக்க அரிசியில்லாத வீடுகள். மறுநாள் பூசை முடிந்ததும் சில வள்ளங்கள் இறங்கின. ஸ்ரெலாவின் தம்பி அமலனும் போனான். புறப்படுமுன் தொலைபேசியைப் பார்த்துவிட்டு, "அக்காவின்ரை மெசேஜ் ஒண்டும் வரேல்லை. அப்ப காத்து இல்லை," என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறான். பின்னேரம் காற்று எழுந்தது. வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது.

எங்கள் நிரலில் ஒரு பிழையும் இல்லை என்று நான் ஆறுதல் சொல்லப்போனேன். "பிழையில்லாமல்தான் அவன் செத்தவன்," என்றார்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஒரு கணினி ஓடியது. எங்களிடமிருந்து கணிப்பு வராத நாளில் அதையும் தானாகவே அறிவிக்கும்படி, எங்கள் பற்றரியில் தங்கியிராத தொலைபேசி நிறுவனக் கணினியில் ஒரு செய்தி எழுதிவைத்தார். ஞாயிறு ஓட்டம் வீண்செலவில்லையா என்று துறைக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "ஓம், வீண்தான். அது என்ரை தம்பியின்ரை பங்கு," என்று சொல்லிவிட்டு ஸ்ரெலா கதிரையில் அமர்ந்தார். அதன்பிறகு எவரும் கேட்கவில்லை.

ஸ்ரெலாவின் செத்தவீட்டன்று துறையில் எல்லோரும் குருநகரில் இருந்தோம். மழை இருட்டு, ஆய்வுகூடத்தைப் பார்க்க ஆளில்லை, பற்றரி இறங்கி அன்றைய கணிப்பு நின்றுவிட்டது. சவப்பெட்டியை மூடப்போகும் நேரத்தில் முற்றத்தில் நின்ற ஆண்களின் தொலைபேசிகள் ஒவ்வொன்றாக ஒலித்தன. ஸ்ரெலா எழுதிவைத்த செய்தி: "இண்டைக்குக் காத்து எப்பிடியெண்டு எங்களுக்குத் தெரியாது. போகாதேங்கோ."

அமலனின் மனைவி யாரோ ஒருவருடைய தொலைபேசியை வாங்கிப் படித்தாள். "அவர் கடலுக்குப் போன அண்டைக்கும் இது வந்திருக்கலாமே, மிஸ்," என்று என் தோளில் சாய்ந்துவிட்டாள்.

ஸ்ரெலாவிடமிருந்து நான் எனக்கென்று வைத்திருப்பது அந்தச் செய்தியைத்தான். தெரியாததைத் தெரியாது என்று நேரத்தோடு சொல்லிவிடுகிறேன். என் மௌனத்தை நம்பி ஒருவரும் கடலில் இறங்கிவிடக்கூடாது.