தோய்க்காத விரிப்பு

மருதனார்மடம் சந்தைக்குப் பின்னால் போகிற ஒழுங்கையில் றோஸின் வீடு எது என்று கேட்டால் உடனே ஒருவருக்கும் பிடிபடாது. "பூனைக்கார ரீச்சரின்ரை தங்கச்சி" என்றால் வீட்டுப் படலையடி வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். பூனைகள் இரண்டும் ரீச்சருடையவை. றோஸின் அக்கா, பள்ளிக்கூடத்தில் படிப்பித்த மிரியம் ரீச்சர், போன மாரிக்கு முன்னம் புற்றுநோயில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மிஞ்சினது பூனைகளும் றோஸும்.

றோஸுக்குப் பூனை பிடிக்காது. துணியில் ஒட்டுகிற பூனை மயிர் பிடிக்காது என்றால் இன்னும் பொருத்தம். மிஷன் ஆசுபத்திரி ஒன்றின் துணி அறையில் பென்சன் எடுக்கும்வரை வேலை பார்த்தவள் அவள். ஒரு நோயாளி படுத்து எழும்பின விரிப்பு அப்படியே அடுத்த நோயாளிக்குப் போகக் கூடாது. சுடுதண்ணீர், சவர்க்காரம், வெயில், அயன்பெட்டி எல்லாம் கண்ட பிறகுதான் துணி அலுமாரிக்குள் போகலாம். சவர்க்காரம் கிடைக்காத யுத்த காலத்தில் பனம்பழத்தைப் பிசைந்து தோய்த்திருக்கிறாள். துணி மஞ்சளாகிப் போகும், ஆனால் ஊத்தையாக இருக்காது.

வீட்டிலும் அதே வேலைதான். அப்பா பாரிசவாதத்தில் விழுந்தார். பிறகு அம்மா. கடைசியாக அக்கா. முன்னறைக் கட்டில் ஒன்றுதான், படுத்தவர்கள்தான் மாறினார்கள். நெல்லியடியிலிருந்து ஒருமுறை அவளுக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தது. அந்த வருசம் ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்த பிறகு ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

சாகிறதுக்குக் கொஞ்சம் முன்னம் மிரியம் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "உதுகளை வெளியிலை விட்டிடாதை" என்றாள். உதுகள் என்றால் சீனியும் கறுவாவும். சீனி வெள்ளைப் பெட்டை, வயது போனது. கறுவா அதன் குட்டி, கறுவாப்பட்டை நிறம். முன்பு வளர்த்த பூனை ஒன்று காங்கேசன்துறை வீதியில் வான் வண்டி ஒன்றின் சில்லுக்குள் அகப்பட்டதிலிருந்து மிரியம் யன்னலுக்கெல்லாம் கம்பி வலை அடித்துப் பூனைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தாள். றோஸ் ஓம் என்றாள். அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது?

சவக்காலையில் அக்காவை அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பி வந்த அன்று, வந்த சனம் தேத்தண்ணி குடித்து முடிக்க முன்னமே அவள் கிணற்றடிக்குப் போய்விட்டாள். அக்காவின் விரிப்பு, தலையணை உறை, ஹவுஸ் கோட், துவாய் எல்லாவற்றையும் தோய்த்துக் கொடியில் போட்டாள். கை வேறொன்றையும் அறியவில்லை.

இந்த நிலையில்தான் சந்தையிலிருந்து ஒரு கடுவன் பூனை வந்து சேர்ந்தது.

ஒருநாள் மீன் வாங்கப் போனவள் கண்டது, கடைகளுக்குப் பின்னால் நாய்கள் ஒரு பூனையை நடுவில் போட்டு இழுக்கிறதை. குடையால் விளாசினாள். நாய்கள் விலகியதும், கத்தரிக்காய் கிடந்த பைக்குள் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் போனாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்தாள். இரக்கம் என்று சொல்ல ஏலாது, இரக்கப்படுகிற அளவுக்கு அவளிடம் தெம்பு இருக்கவில்லை. காயம்பட்டது ஒன்று கண்முன் கிடந்தால் தூக்கிப் பழகிவிட்டது, அவ்வளவுதான் போலும்.

வைத்தியர் பின்காலைத் தைத்தார். கருத்தடையும் செய்தார். "கால் தப்பீற்று அம்மா. ஆனால் இனி ஓட மாட்டார். வெளியிலை விட்டால் நாய்க்குத்தான்" என்றார்.

பக்கத்து வீட்டு அருமைநாயகி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். றோஸின் கையில் இருந்த பூனைக்குப் பெரிய தலை, கிழிந்த காது, ஒரு கண் எப்போதும் பாதி மூடினபடி.

"ஆர் உவர்? மீன் சந்தை முதலாளியோ?"

"பேர் ஒண்டும் இல்லை. கால் சுகமானாப் பிறகு ஆரிட்டையும் குடுக்கப் போறன்."

"ஓமோம், குடுப்பீர். வாங்கோ சந்தையார், வந்து இருங்கோ" என்று கும்பிட்டாள் அருமைநாயகி. அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையில் அதற்குச் சந்தையார் என்றே பேராயிற்று.

காயம் ஆறியதும் றோஸ் தனக்குத் தெரிந்த முறையில் அறிமுகம் செய்தாள். வேதக்கோயிலில் புதிதாக வருகிறவரை ஆராதனை முடியச் சபைக்கு முன்னால் நிறுத்தி, இன்ன ஊர், இன்ன ஆள் என்று சொல்லுவார்கள், எல்லாரும் கைகொடுப்பார்கள். அவளும் சந்தையாரைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டு ஹோலின் நடுவில், மற்ற இரண்டுக்கும் முன்னால் இறக்கிவிட்டாள்.

கறுவா உறுமிக்கொண்டு பாய்ந்தது. சந்தையார் நொண்டிக் காலோடு கதிரைக்குக் கீழே சுருண்டு, அகப்பட்டதைப் பிறாண்டினார். அகப்பட்டது றோஸின் கை. சீனி அக்காவின் அலுமாரிக்கு மேல் ஏறியது. ஏறினது ஏறினதுதான்.

கனடாவில் இருக்கும் அண்ணையின் மகள் மதுஷாவும் பூனை வளர்க்கிறவள். கையில் கட்டோடு மாமியை வீடியோவில் கண்டதும் பதறிப்போனாள்.

"மாமி, உடனை முகத்துக்கு முகம் காட்டக் கூடாது. அவரைப் பின்னறையிலை விட்டுக் கதவைச் சாத்துங்கோ. கதவுக்கு இந்தப் பக்கம் இதுகளுக்கும் அந்தப் பக்கம் அவருக்கும் சாப்பாடு வையுங்கோ. அவர் படுக்கிற துணியை எடுத்து இதுகளுக்கு விரியுங்கோ, இதுகளின்ரையை அவருக்கு. ஒவ்வொரு நாளும் மாத்துங்கோ."

"அதுக்கென்ன, துணி மாத்திறது எனக்குப் பழகின வேலைதானே" என்றாள் றோஸ்.

அவள் சொன்னபடியே செய்தாள். விடிய எழும்பி இரண்டு பக்கத் துணியையும் எடுப்பாள். நாளெல்லாம் சூடை மீன் அவிப்பது, முள் எடுப்பது, பூனைகள் ஒதுங்குகிற மண் பேசின்களைக் கழுவுவது, கதவைத் திறக்கும்போது பூனை ஓடிவராமல் காலால் தடுப்பது. முழங்கால் வலித்தது. பின்னேரங்களில் வேதப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே வசனத்தில் கண்ணயர்ந்துவிடுவாள்.

பலன் ஒன்றும் தெரியவில்லை. கதவுக்கு இரண்டு பக்கமும் சீறல் குறையவில்லை. அதைவிட மோசம், சீனி சாப்பிடுவதை நிற்பாட்டிவிட்டது. அலுமாரிக்கு மேல் மீனை வைத்தால் மூக்கை வைத்து மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பும். தூக்கினால் ஒரு காய்ந்த துவாயின் பாரம்தான் இருந்தது. வயது போன பூனை இப்படிச் சாப்பிடாமல் கிடந்தால் ஈரல் பழுதாகிவிடும் என்றார் மிருக வைத்தியர். தெருவில் கிடந்ததைக் கொண்டுவந்து அக்கா விட்டுப்போனதைச் சாகக் கொடுக்கப் போகிறோமோ என்று றோஸ் பயந்தாள்.

அருமைநாயகிதான் வழி சொன்னாள். "எங்கடை தம்பியின்ரை வெங்காயத் தோட்டத்திலை பம்ப் கொட்டில் கிடக்கு. சந்தையாரைக் கொண்டுபோய் அங்கை விடுவம். எலியாவது பிடிப்பார்."

"தோட்டத்திலை நாய் இல்லையே?"

அருமைநாயகி மதிலில் ஒட்டியிருந்த பாசியை நகத்தால் சுரண்டினாள். "நாய் எங்கை இல்லை, றோஸ்? எல்லாத்தையும் நீர் ஒராளே சுமக்க ஏலுமோ? உம்மடை முகத்தைக் கண்ணாடியிலை பாரும்."

றோஸ் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. "சரி, திங்கட்கிழமை கொண்டு போவம்" என்றாள். ஓட்டோவுக்கும் சொல்லியாயிற்று.

சனிக்கிழமை மதுஷா வீடியோவில் வந்தபோது றோஸ் அயன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"மாமி, அது என்ன துணி?"

"உன்ரை பூனைத்துணிதான். மாத்த வேணுமெல்லே."

"அயன் பண்ணியே மாத்திறீங்கள்?"

"பின்னை? தோய்ச்சு, டெற்றோல் போட்டு அலசி, வெயிலிலை காயவிட்டு, அயன் பண்ணித்தான் விரிக்கிறனான். ஒரு சீவன் படுத்த துணியிலை இன்னொரு சீவனை அப்பிடியே படுக்க விடலாமே?"

மதுஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்ததற்கு வெட்கப்பட்டாள். "ஐயோ மாமி. அந்த மணத்துக்காகத்தானே மாத்தச் சொன்னனான். இவர் எப்பிடி மணக்கிறார், அவை எப்பிடி மணக்கினம் எண்டு துணியிலை இருந்துதானே ஆளை ஆள் அறியிறது. நீங்கள் இவ்வளவு நாளும் டெற்றோலை எல்லே அறிமுகம் செய்து வைச்சிருக்கிறீங்கள்."

றோஸ் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இனித் தோய்க்காமல் மாத்திப் பாருங்கோ மாமி. முதலிலையிருந்து தொடங்குங்கோ."

முதலிலையிருந்து. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை, ஒரு இடத்தில் குந்தியிருக்க வேண்டும் போல் மட்டும் இருந்தது. போனை வைத்துவிட்டு அக்காவின் கட்டிலில் இருந்தாள். அலுமாரிக்கு மேலிருந்து சீனி கண் வெட்டாமல் பார்த்தது. இந்தப் பூனை சந்தையாருக்குப் பயந்துதான் அந்த அலுமாரியில் ஏறியதா? வீட்டில் வேறு அலுமாரியும் இருக்கிறதே?

எழும்பி அலுமாரிக் கதவைத் திறந்தாள். மிரியத்தின் ஹவுஸ் கோட்டுகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து முகத்தில் வைத்தாள். சவர்க்காரம். மற்றதை எடுத்தாள். சவர்க்காரமும் அந்துருண்டையும். தலையணை உறையை எடுத்தாள். அக்காவுக்கு என்ன மணம் இருந்தது? பவுடர், பள்ளிக்கூடத்துச் சோக்கட்டி, கடைசி நாட்களில் மருந்து. ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அவளே, அன்றைக்கே, கிணற்றடியில் ஊற்றிவிட்டாள்.

ஞாயிறு காலை கோயிலுக்குப் போக எழும்ப முடியவில்லை. காய்ச்சல். மூட்டுகளெல்லாம் கழன்று விழுவதுபோல இருந்தது. அருமைநாயகி வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணியிலை கை வைக்காதையும். குளிக்கவும் வேண்டாம், தோய்க்கவும் வேண்டாம். கேக்குதே?" என்று அதட்டினாள். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். பனடோல் தந்தாள். பூனைகளுக்கு மீன் வைக்கப் பின்னறைக்குப் போனவள், கை நிறையக் கோப்பைகளோடு திரும்பியபோது கதவைக் காலால் தள்ளிச் சாத்தினாள். கொளுக்கி விழவில்லை.

காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. றோஸ் வேர்த்தாள், குளிர்ந்தாள், அதே விரிப்பில் புரண்டாள். அவளுடைய வாழ்நாளில் ஒரு விரிப்பு அவ்வளவு நாள் மாறாமல் கிடந்ததில்லை. கால்மாட்டில் ஏதோ பாரமாக ஏறியது. சந்தையார்தான். கீழே இறக்கிக் கலைக்க வேண்டும் என்று நினைத்தாள். கால் அசையவில்லை. பிறகு பார்த்தபோது அவர் அவளுடைய முழங்காலில் முதுகை முட்டுக் கொடுத்துக்கொண்டு குறட்டை விட்டார்.

கறுவா வாசலில் நின்று உறுமியது, போனது, திரும்ப வந்தது. கட்டிலில் முன்காலை வைத்து விரிப்பின் தொங்கலை நெடுநேரம் மணந்தது. சந்தையார் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

ஒரு மத்தியானம் கண் விழித்தபோது தலைமாட்டில் வெள்ளையாக ஏதோ இருந்தது. சீனி. மிரியத்தின் பூனை, ஒருநாளும் றோஸின் மடிக்கு வராதது. அது அவளுடைய கழுத்தடியை மணந்தது, வேர்வை காய்ந்த தலையணையை மணந்தது, அப்படியே கீழே இறங்கி விரிப்பு வழியாகச் சந்தையார் கிடந்த இடம் வரைக்கும் போனது. ஒருமுறை சீறியது. அவர் அசையவில்லை. சீனிக்கும் சண்டை பிடிக்கத் தெம்பில்லை. திரும்பி வந்து, அவரிடமிருந்து எவ்வளவு தள்ளிப் படுக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, றோஸின் தோளோடு ஒட்டிப் படுத்தது. றோஸ் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள். பக்கத்துக் கோப்பையில் குடிக்காமல் விட்ட கஞ்சி இருந்தது. விரலில் தொட்டு நீட்டினாள். சீனி யோசித்தது. பிறகு அந்தக் கரடுமுரடான நாக்கு விரலில் பட்டது.

அவள் மற்ற விரலையும் கஞ்சிக்குள் விட்டாள்.

காய்ச்சல் விட்டதும் அருமைநாயகி வந்தாள். "திங்கட்கிழமை தவறிப்போச்சு. ஓட்டோக்காரன் நாளைக்கு வரட்டோ எண்டு கேக்கிறான்."

"வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

அருமைநாயகி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டிலின் ஒரு மூலையில் சந்தையார், மறுமூலையில் சீனி, நடுவில் மயிரும் கஞ்சிக் கறையுமாக விரிப்பு. கறுவா வருகிற வழியில் சந்தையாரின் தலையில் ஒரு அடி போட்டுவிட்டுத்தான் போனது. அவர் வாங்கிக்கொண்டார்.

"இப்பவும் அடிக்குதுகளே?"

"அடிக்குதுகள்தான். ஆனால் சீனி சாப்பிடுது."

றோஸ் மெல்ல எழும்பி விரிப்பின் ஒரு நுனியைப் பிடித்தாள். கை தானாக இழுக்கப் பார்த்தது. கிணற்றடி வாளியும் சவர்க்காரமும் யன்னலுக்கூடாகத் தெரிந்தன. வெயிலும் நல்ல வெயில். அவள் நுனியை விட்டுவிட்டுச் சுருக்கத்தை மட்டும் நீவிவிட்டாள்.

அருமைநாயகி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். "எடி பிள்ளை, பெட்சீற் நாறுது."

"ஓம்" என்றாள் றோஸ். "கொஞ்ச நாளைக்கு நாறட்டும். இருங்கோ, தேத்தண்ணி குடிப்பியளே?"