தம்பி காரில் ஒரு சத்தம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் செஞ்சி கடைத்தெரு வழியாக ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். டிராக்டர் மட்கார்டில் முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாரே... யார் என்று யோசித்தீர்களா?

நான்தான்.

கார் என் தம்பி குணாவுடையது. இரண்டே சீட், திறந்த கூரை, வயது முப்பதை நெருங்குகிறது. புதுச்சேரியில் ஒருவரிடம் தவம் கிடந்து வாங்கினான். கம்பெனி அந்த மாடலை எப்போதோ நிறுத்திவிட்டது. இன்ஜின் போனால் வேறு இன்ஜினுக்கு எங்கே போவது? அந்தப் பயத்திலேயே ஓட்டுவதைவிடத் துடைப்பதுதான் அதிகம். ஞாயிறு காலையில் வல்லம் வரை மெதுவாகப் போய்த் திரும்புவான். அதுவும் தனியாக.

அவன் மனைவி செல்வி அந்தக் காரில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. கேட்டால், "சீட் லெதர் பழசு, பொடவ ஜரிக கீறிடும்" என்பான். ஜரிகை இல்லாத புடவையே செல்வியிடம் இல்லையா என்ன?

ஆயுத பூஜைக்கு மட்டும் கார் அவள் கைக்கு வரும். இந்த வருடமும் கழுவி, மாலை போட்டு, ஸ்டியரிங், கண்ணாடி, கியர் என்று ஒன்று விடாமல் சந்தனம் வைத்தாள். தாராளமான கை அவளுக்கு.

மறுநாள் சொந்தபந்தம் எல்லாம் வாசலில் நிற்கும்போது கேட்டேன்: "குணா, ஒரு ரவுண்டு நான் ஓட்டட்டா?"

அத்தனை பேர் முன்னால் அக்காவிடம் முடியாது என்று எந்தத் தம்பி சொல்வான்? சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

கோட்டையைத் தாண்டியதும் திருவண்ணாமலை ரோடு காலியாக இருந்தது. என் காலும் கொஞ்சம் கனமாகிவிட்டது. மூன்றாவது கியரிலேயே வண்டி நூறைத் தொட்டது.

"நாலு போடுக்கா. இன்ஜின் கத்துது பாரு."

நாலு எந்தப் பக்கம்? குனிந்து கியர் லீவரைப் பார்த்தேன். அதன் தலையில் 1, 2, 3 என்று எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் செல்வியின் சந்தனம் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. நடுவில் குங்குமம் வேறு. சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று கைக்கு வந்தபடி கீழே இழுத்து, கிளட்ச்சை விட்டேன்.

விழுந்தது இரண்டாவது கியர்.

அந்த அலறலை நான் எந்த வண்டியிலும் கேட்டதில்லை. யாரோ முடியைப் பிடித்து இழுத்ததுபோல் கார் வெட்டிக் குலுங்கியது. இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்டும் முள், சிவப்புப் பகுதியையும் தாண்டி, எண்களே இல்லாத இடத்துக்குப் போயிருந்தது. பதறிக் கிளட்ச்சை மிதித்தேன்.

"ஓரமா நிறுத்துக்கா. ஆஃப் பண்ணு" என்றான் குணா. மெதுவாகத்தான் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அளவுக்கு மேல் சுற்றினால் உள்ளே பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொள்ளுமாம். வால்வு வளைந்திருந்தால், மறுபடி ஸ்டார்ட் செய்வது ஒடிந்த காலோடு நடக்க வைப்பது மாதிரியாம். சாவியைத் தொடவே விடவில்லை அவன்.

நம் ஊரில் வண்டி நின்றால் கூட்டத்துக்குச் சொல்லியா அனுப்ப வேண்டும்?

"இன்னாமா, பெட்ரோல் இல்லியா?" என்று மொபெட்டில் வந்தவர் நிறுத்தினார்.

"டீசல் ஊத்திட்டீங்களா?" இது இன்னொருவர்.

"செவப்பு வண்டியில்ல, கண்ணுபட்டுருக்கும். பூசணிக்கா ஒடைச்சீங்களா இல்லியா?"

அந்த வழியாக வந்த டிராக்டர்காரர் மட்டும் கேள்வி கேட்காமல் கயிற்றை எடுத்தார். குணா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காரில் தலைகுனிந்து வந்தான். திறந்த கூரை... ஊரே பார்த்தது. அவன் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் மட்கார்டு.

இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று செல்வி போனில் சொன்னாள். அவன் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அது. அதைப் போய்...

புதுச்சேரியிலிருந்து மெக்கானிக் வந்தார். கூலிங் கிளாஸை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் மீட்டரை வைத்துப் பார்த்தார். நானும் செல்வியும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர்கள் மாதிரி நின்றோம்.

"கம்ப்ரஷன் எல்லாத்துலயும் நல்லா இருக்குது, வால்வு வளையல. ஆனா உள்ள லேசா எதனா அடிபட்டிருந்தா இப்பவே தெரியாது சார். தெனமும் ஓட்டுங்க. டிக் டிக்குனு சத்தம் வந்தா உடனே நிறுத்திட்டு எனக்கு போன் போடுங்க."

தினமும் ஓட்ட வேண்டும்! குணா ஆடிப்போய்விட்டான். நம் வீடுகளில் நல்ல பொருள் என்றால் தொடக்கூடாத பொருள் என்றுதானே அர்த்தம்? சோபாவுக்கு உறை, ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் கவர், விருந்தாளி வந்தாலும் அலமாரியை விட்டு இறங்காத பீங்கான் தட்டு. பொருளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அதோடு வாழ்வதை மறந்துவிடுகிறோம்.

ஓட்டினான். ஆனால் திறந்த காரில் காற்றுச் சத்தம்தான் கேட்டது. கூட இன்னொரு காது வேண்டும். எனக்குத் தடை. மாடி டேங்க் நிரம்புவதை அடுப்படியில் இருந்தே கண்டுபிடிக்கும் காது யாருடையது? செல்வியுடையது.

இப்போது தினமும் சாயங்காலம் செல்வி தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு காரில் ஏறுகிறாள். ஜரிகை பற்றிப் பேச்சே இல்லை. ஒருநாள் அனந்தபுரம், ஒருநாள் மண்டகப்பட்டு, வழியில் டீ, சூடாக மசால்வடை. கடைத்தெருவில் எதிரே வந்தால் எனக்குக் கையாட்டுகிறாள், ராணி மாதிரி.

ஆனாலும் என் மனசு கேட்கவில்லை. வாரங்கள் ஆகின்றன, இன்னும் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்றால் ஏதோ பழுது இருக்கிறதுதானே? நேற்று அவர்கள் வீட்டுக்குப் போய், குணா இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டேன்.

"மறைக்காம சொல்லு செல்வி. சத்தம் வருதா?"

அவள் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மொத நாள்ல இருந்தே ஒண்ணும் இல்ல அண்ணி. வண்டி வெண்ணெ மாதிரி போவுது. நாந்தான் 'லேசா கேக்குற மாதிரி இருக்குது, நாளைக்கும் ஒரு தபா பாத்துடலாம்'னு சொல்லிட்டு இருக்கேன்."

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை என் தம்பி படிப்பதே இல்லை. முதன்முறையாக எனக்கு அதில் வருத்தமில்லை.