முதலில் கை, பிறகு கேள்வி

ரங்கூனிலிருந்து டாக்டரும் நானும் ஒரே கப்பலில் வந்தோம். அவர் அங்கே மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கி, ஐந்து வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். நான் ஐந்தாம் வகுப்போடு பழவேற்காட்டிலிருந்து ஓடிப்போய், அங்கே அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவன். ஊருக்குப் போ என்று அந்த அரசாங்கம் சொன்னபோது படித்தவன், படிக்காதவன் என்று பிரித்துப் பார்க்கவில்லை. கப்பல் தளத்தில் எங்கள் பாய்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பழக்கம் அப்படித் தொடங்கியதுதான்.

இரண்டு வருடம் எங்கெங்கோ அலைந்த பிறகு திருவள்ளூரை அடுத்த காக்களூரில் ஒரு லேத் பட்டறையில் எனக்கு வேலை கிடைத்தது. அவரையும் அங்கே சேர்த்துவிட்டேன். வெளிநாட்டில் படித்தவர் இங்கே பதிவு செய்துகொள்ளாமல் ஒரு மாத்திரைகூட எழுதிக் கொடுக்கக் கூடாது. ஆகவே டாக்டர், வேலைக்கு வருகிறவர்களின் நேரம் குறிக்கும் குமாஸ்தா ஆனார். மணவாள நகரில் ஓர் ஓட்டு அறையில் இருந்தோம். ஒழுகாத மூலையில் அவருடைய புத்தகங்கள் இருந்தன. நாங்கள் மற்ற மூலைகளில் படுத்தோம்.

பதிவுக்கு முன் மெட்ராஸில் ஒரு நேர்முகம் உண்டு. மூன்று பெரிய டாக்டர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். ஒரு நோயாளியை எதிரில் உட்கார வைத்து விசாரிக்கச் சொல்வார்கள். அதற்கு அவர் ஒரு தடவை போய்த் தோற்றிருந்தார். இன்னும் ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள். அதிலும் போய்விட்டால் ஆயுசுக்கும் குமாஸ்தாதான்.

“பாடத்துல கோட்டை விடலை தம்பி. நோயாளியா உட்கார வச்ச அம்மா வாயையே திறக்கலை. எதைக் கேட்டாலும் ஒண்ணுமில்லைன்னுட்டாங்க” என்றார்.

அப்படியானால் பழக வேண்டியது புத்தகத்தோடு அல்ல, ஆட்களோடு என்று எனக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாஷ்டா முடித்ததும் பட்டறை வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டோம். பட்டறை ஆட்கள் ஒவ்வொருவராக நோயாளியாக வந்து உட்கார்ந்தார்கள்.

“சார், வவுத்துக்குள்ள லேத்து ஓடறாப்ல கீது” என்றான் ஃபிட்டர்.

“எவ்வளவு நாளா?”

“கண்ணாலம் ஆனதுலேந்து.”

டாக்டர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். நடிக்க வந்தவர்கள் வாய் ஓயாமல் பேசினார்கள். மெட்ராஸில் அந்த அம்மாள் ஏன் பேசவில்லை என்பது மட்டும் பிடிபடவில்லை.

நாலாவது ஞாயிறு, எங்கள் பழவேற்காட்டுப் பக்கத்துக் கருவாட்டுக்கார அக்கா ஒருத்தி திருவள்ளூர் மார்க்கெட்டிலிருந்து அந்த வழியாக வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

“அக்கா, சும்மா சீக்காளி மாதிரி இப்படிக் குந்து” என்றேன்.

“மாதிரி இன்னாடா மாதிரி? சீக்காளிதான்” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து, இடது கையை நீட்டினாள்.

டாக்டர் நோட்டைத் திறந்தார். “பெயர் என்னம்மா?” சொன்னாள். “வயசு?” சொன்னாள். “என்ன வேலை?” கை நீட்டியபடியே இருந்தது.

“இன்னா நைனா, ரேஷன் கார்டா எழுதற? கைய புடிச்சுப் பாரு மொதல்ல. புடிக்காதவங்கிட்ட இன்னாத்த சொல்றது?”

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். “அந்த அம்மாவும் இப்படித்தான் கையை நீட்டிக்கிட்டே இருந்தாங்க தம்பி. கை வலிக்குதான்னு கேட்டேன். இல்லைன்னாங்க. அதோட சரி.”

பெயர், வயது, தொழில், நோயின் கதை, எல்லாம் எழுதிய பிறகே தொட வேண்டும் என்று ரங்கூனில் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் நாடி பிடிக்காதவன் வைத்தியனே இல்லை. பெண்ணுக்கு இடது கை, ஆணுக்கு வலது கை. பழவேற்காட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. தெரிந்திருந்தும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. இதையெல்லாம் ஒரு டாக்டருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

அவர் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு நிமிடம் பேசவில்லை. அவள்தான் பேசினாள். கூடையோடு நாலு எட்டு வைத்தால் மூச்சு முட்டுகிறது, சாயங்காலமானால் கால் வீங்குகிறது, வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. டாக்டர் உள்ளே போய், தன் மேஜையடியில் இருந்த பெட்டியிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வந்து வைத்துக் கேட்டார். அது கப்பலேறி வந்தபின் முதல் தடவையாக வெளியே வந்தது.

“நான் மருந்து தரக் கூடாதும்மா. இதயத்துல ஒரு வால்வு சுருங்கியிருக்குன்னு தோணுது. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க” என்றார்.

மறுநாள் நான்தான் கூட்டிப்போனேன். அங்கேயும் அதையே சொல்லி மருந்து கொடுத்தார்கள். “ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சுக்கினு சொல்றாப்ல கீது” என்றாள் அக்கா. இதை வந்து சொன்னபோது டாக்டர் முகத்தில் வந்த தெளிவைக் கப்பலேறிய நாளிலிருந்து நான் பார்த்ததில்லை.

அதன்பின் பட்டறையில் யாரும் அவருக்கு வணக்கம் வைக்கவில்லை. காலையில் உள்ளே வரும்போது வலது கையை நீட்டுவார்கள். “நாடி பாத்துட்டு டைம் போடு சார்” என்பார்கள். அவரும் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நேரம் குறிப்பார். முதலாளி இதைப் பெரிய பேஜாரு என்றார். ஆனால் நேர்முகத்துக்குத் தன்னுடைய ஷூவைக் கொடுத்தது அவர்தான்.

நேர்முகத்தன்று மெட்ராஸ் போகும் கரி ரயிலில் கூட்டம். செவ்வாப்பேட்டை தாண்டும்வரை அவருடைய வெள்ளைச் சட்டையில் தூசி விழாமல் என் துண்டை ஜன்னலில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதிவு அலுவலகத்தில் என்னை உள்ளே விடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தவர் முதலில் ஷூவைக் கழற்றினார், கடித்திருந்தது. பிறகுதான் சொன்னார்.

“ஒரு கூலிக்காரரை உட்கார வச்சிருந்தாங்க. நான் கையைப் பிடிச்சேன். ஒரு நிமிஷம் பேசலை. மூணு டாக்டர்ல ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். அதுக்குள்ள அந்த மனுஷன் தானாப் பேச ஆரம்பிச்சுட்டார் தம்பி. நிறுத்தவே முடியலை.”

“பெரியவங்க இன்னா சொன்னாங்க?”

“ரங்கூன்ல இப்படியா சொல்லித் தர்றாங்கன்னு கேட்டாங்க. இல்லை, காக்களூர்லன்னேன்.”

ஒரு மாதம் கழித்துப் பதிவு எண்ணோடு கடிதம் வந்தது. அதைக் கருவாட்டுக்கார அக்கா உள்பட எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. மார்க்கெட் தெருவில் ஒரு சின்ன அறை எடுத்துப் பெயர்ப்பலகை மாட்டினார்.

எனக்கு ஓர் இடத்தில் நாலு வருடம் என்பதே அதிகம். கும்மிடிப்பூண்டி பக்கம் புதிதாக ஒரு தொழிற்சாலை வருகிறது, ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உடம்பு நன்றாயிருக்கிறது என்று டாக்டர் சான்றிதழ் வேண்டுமாம். அறை திறந்த அன்று காலையிலேயே போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

“பெயர்?” என்றார், நோட்டைத் திறந்து, சிரிக்காமல்.

“ரேஷன் கார்டா எழுதற?” என்று வலது கையை நீட்டினேன்.

பிடித்தார். ஒரு நிமிடம் முழுதாக எண்ணினார். பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதன் கீழே பதிவு எண்ணை நிதானமாகப் பெரிய எழுத்தில் எழுதினார். இந்த நாட்டில் டாக்டராக அவர் போட்ட முதல் கையெழுத்து என் உடம்பு திடமாக இருக்கிறது என்பதற்கு. அதைக் காட்டித்தான் கும்மிடிப்பூண்டியில் வேலைக்குச் சேர்ந்தேன்.