மோட்டார் சுவிட்சு இருந்த அறை

அரியலூரில் நாங்கள் குடியிருந்த வீட்டை நினைத்தால் முதலில் கேட்பது மோட்டார் சுவிட்சின் "டொக்" என்ற சத்தம்தான். அது கேட்கும்போது வீட்டுக்காரம்மா எங்கள் படுக்கையறைக்குள் நின்றிருப்பார். மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் பொதுவான தண்ணீர்த் தொட்டிக்குரிய சுவிட்சு எங்கள் சுவரில் இருந்ததால், காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் மாடியிலிருந்து இறங்கிக் கதவைத் தட்டாமல் வருவார், தொட்டி நிரம்பியதும் அணைக்க மறுபடியும் வருவார். அந்த நேரங்களில் தாழ்ப்பாள் போடக் கூடாது. "நாங்களே போட்டு விடுறோங்க்கா" என்று அம்மா ஒருமுறை சொன்னதற்கு, "என் வூட்டுக்குள்ள வர நான் ஒன்னயக் கேக்கணுமா?" என்று சிரித்தார்.

விருந்தாளி தங்கக் கூடாது என்பது அவருடைய இன்னொரு விதி. 1997இல், நான் ஆறாம் வகுப்புப் படிக்கையில், அம்மாவின் தங்கையான சித்தி, கணவன் அடித்ததில் உதடு வீங்கி, ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் ஏறி எங்களிடம் வந்துவிட்டாள். ஒரு வேலை கிடைக்கும்வரை அவளை மறைத்து வைப்பது என்று முடிவாயிற்று. மாடிப்படியில் காலடி கேட்டதும் பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த "சந்தில்", சுருட்டி நிறுத்திய பாய்களுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். வீட்டுக்காரம்மா கொடியில் கிடக்கும் துணியைப் பார்த்து, அடுப்பில் என்ன என்று எட்டிப் பார்த்து, நிதானமாகப் படியேறும்வரை நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கியிருப்போம்.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, தொட்டி சீக்கிரமே காலியாகி, முற்பகலிலேயே மோட்டார் போட வீட்டுக்காரம்மா வந்துவிட்டார். "பாப்பா, காலையில எத்தன பேரு குளிச்சீங்க?" என்று அவர் கேட்டார். எதையும் சரியாகச் சொல்லியே பழகிய நான், "நாலு பேருங்க" என்றேன்.

"நீங்க மூணு பேருதானே? நாலாவது யாரு, சாமியா?" என்றபடி பாய்களை விலக்கினார்.

சித்தி தலை குனிந்து வெளியே வந்தாள். வீட்டுக்காரம்மா கத்தவில்லை. "சார், சாயந்தரத்துக்குள்ள அனுப்பிருங்க. இல்ல, வூட்டக் காலி பண்ணுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த வீட்டுக்காக நான்கு மாதம் தெருத்தெருவாக அலைந்திருந்த அப்பா, "இந்த டவுன்ல வேற வூடு எங்கம்மா கெடைக்கும்?" என்று சித்தியைப் பார்க்காமல் சொல்லி, மத்தியான பஸ்ஸில் அவளை ஜெயங்கொண்டத்துக்கே கொண்டுபோய் விட்டுவந்தார். என்னை யாரும் திட்டவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை. இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். வீட்டுக்காரம்மாவும் காலமாகிவிட்டார். பெரம்பலூரில் நான் சொந்த வீடு கட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சித்தி எப்போதாவது வருவாள். "தங்கிட்டுப் போங்க சித்தி, இது நம்ம வூடு" என்பேன். "இருக்கட்டும்டி, பஸ்ஸு போயிடும்" என்று, சாப்பிட்ட கை காய்வதற்குள் செருப்பைத் தேடுவாள்.